கேள்வியைக் குழந்தையிடம் கேட்போம்

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. ஆணா, பெண்ணா என்பது முதலாவது. எடை எவ்வளவு என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "பால் இருக்கிறதா? பிள்ளைக்குக் காணுமா?" முதல் இரண்டுக்கும் விடை உடனே கிடைத்துவிடும். மூன்றாவதற்கு மட்டும் அந்த இளம் தாயிடம் விடை இராது. புட்டியில் வார்த்த பாலுக்குக் கோடு உண்டு. இத்தனை மில்லி உள்ளே போயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். தாயின் மார்பில் கோடு ஏதும் இல்லை. ஆகவே, கேட்டவர்கள் எழுந்து போன பிறகும் அந்தக் கேள்வி அவள் நெஞ்சை விட்டுப் போவதில்லை.

இது இன்றைக்குப் பிறந்த கவலை அன்று. பெத்லகேமில், ஆண்டவர் பிறந்த இடத்திலுள்ள பேராலயத்துக்கு அருகில், 'பால் குகை' என்றொரு சிற்றாலயம் இருக்கிறது. அன்னை மரியா திருக்குழந்தைக்குப் பாலூட்டியபோது சிந்திய ஒரு துளியால் அங்குள்ள பாறை வெண்மையாயிற்று என்பது வழிவழியாக வரும் மரபு. பால் சுரக்க வேண்டுமென்று மன்றாடும் தாய்மார் அப்பாறையின் வெண்பொடியைப் பல நூற்றாண்டுகளாக எடுத்துச் சென்றிருக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களிலோ பால்சுறாப் புட்டும் பூண்டும் முருங்கைக்கீரையும் பிள்ளை பெற்றவளின் உணவில் தவறாமல் இடம்பெறும். இடமும் மொழியும் வேறானாலும் தாயின் அச்சம் ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், அந்த அச்சம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. தலைப்பிரசவத்துக்கு என் மகள் வந்திருந்தாள். பெண் குழந்தை, பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். நான்காம் நாள் மருத்துவமனையிலிருந்து புறப்படும்போது நிறுத்துப் பார்த்தால் 2 கிலோ 700 கிராம்தான் இருந்தது. குறைந்த அந்த 200 கிராம்தான் அன்று முழுவதும் வீட்டில் பேச்சாயிற்று. என் கணவரின் அக்காள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளை வாடிப்போச்சே, இவளுக்கு இன்னும் பால் இறங்கலை போலிருக்கே" என்றார். குழந்தையும் அதற்கேற்றாற்போல் மாலை முழுவதும் அழுதது, குடித்தது, அரைமணி நேரம் தூங்கி எழுந்து மறுபடியும் அழுதது. மருமகன் நல்ல மனத்தோடு ஒரு பால்மாவு டின் வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். யாரும் என் மகளைக் குறை சொல்லவில்லை. ஆயினும் அந்த டின்னை அவள் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். இரவில், "அம்மா, எனக்குப் பாலே இல்லையோ?" என்று என்னிடம் கேட்டாள். தான் தாயாக இருக்கத் தகுதியில்லாதவளோ என்று கேட்பதுபோல் இருந்தது அக்குரல்.

ஆறாம் நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். பால் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நேத்து காலையிலேர்ந்து எத்தனை துணி நனைஞ்சதும்மா?" என்றார். மழைக்காலமாதலால் துணிகள் எல்லாம் தாழ்வாரத்துக் கொடியிலேயே கிடந்தன. எண்ணிச் சொன்னேன்: சிறுநீரில் நனைந்தவை ஏழு, மலம் பட்டவை நான்கு. "மலம் என்ன நிறம்?" என்றார். மஞ்சள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "உள்ளே போகாம வெளியே எப்படிம்மா வரும்?" என்று சிரித்துக்கொண்டே என் மகளின் அருகில் உட்கார்ந்தார்.

அவர் அன்று சொன்னவையும், அதன் பின் நான் படித்தும் கேட்டும் அறிந்தவையும் எளிய உண்மைகளே. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. நூற்றுக்கு ஏழு பங்கு வரை குறைவது பொதுவாகக் காணப்படுவது. பத்துப் பங்கைத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். இழந்த எடை பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் திரும்பிவிடும். அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை ஏறும்.

முதல் நாள் ஒரு துணியாவது நனைய வேண்டும். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் மூன்று. ஐந்து, ஆறு நாட்களானபின் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து ஆறு துணிகளுக்குக் குறையலாகாது. சிறுநீரும் நிறம் மங்கித் தெளிவாக இருக்க வேண்டும். முதலில் கறுப்பாகப் போகும் மலம் நான்கைந்து நாட்களில் மஞ்சளாக மாறுவது, சீம்பாலைத் தொடர்ந்து பால் நன்றாக இறங்கிவிட்டதற்கு அடையாளம். முதல் மாதத்தில் நாளுக்கு மூன்று நான்கு முறை போகும். ஆறு வாரங்களுக்குப் பிறகு சில குழந்தைகள் பல நாட்கள் போகாமலும் இருப்பதுண்டு. மலம் இளகியிருந்து, குழந்தையும் எடை ஏறி வந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

குடிக்கும் முறையும் ஒரு சாட்சியே. குழந்தை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமன்றிக் கருவட்டத்தையும் சேர்த்துப் பற்றியிருக்க வேண்டும். கன்னம் குழியாமல் உப்பியிருக்கும். தாடை நிதானமாக அசையும். இடையிடையே விழுங்கும் ஓசை கேட்கும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிப்பது வழக்கமான அளவுதான். வயிறு நிறைந்ததும், இறுக மூடியிருந்த சிறு கைகள் தாமே தளர்ந்து விரியும்.

நம்மை ஏமாற்றும் அடையாளங்களும் உண்டு. அழுகை எல்லாம் பசியன்று. மாலை வேளைகளில் அடிக்கடி மார்பைத் தேடுவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு. சில வாரங்கள் சென்றபின் மார்பின் கனம் குறைந்து மென்மையாவது பால் வற்றியதன் அறிகுறி அன்று. குழந்தையின் தேவைக்கேற்பச் சுரப்பு ஒழுங்குபட்டதன் அறிகுறி. கையால் பிழிந்தால் சில துளிகளே வருகின்றன என்பதும் சான்றாகாது. பிழியும் கையைவிடக் குழந்தையின் வாய் திறமையானது.

இறைக்க இறைக்கக் கிணறு ஊறும் என்பார்கள் பெரியோர். தாய்ப்பாலுக்கும் அதுவே நியதி. குழந்தை உறிஞ்சும்போதுதான் பாலைச் சுரக்க வைக்கும் இயக்குநீர் தாயின் உடலில் பெருகுகிறது. இரவில் அது இன்னும் மிகுதி. அவசியமின்றி ஒரு வேளை புட்டிப்பால் புகுந்தால், அந்த வேளை கிணறு இறைக்கப்படுவதில்லை. குறைகிறது என்று அஞ்சித் தரும் புட்டியே குறையை உண்டாக்கிவிடுகிறது. வெயில் காலத்திலும் ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வற்புறுத்துவதும், பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்யலாகாது என்று 1992இல் நம் நாடு சட்டம் இயற்றியதும் காரணமின்றி அன்று.

எடையை ஒப்பிடும் அட்டவணையிலும் ஒரு நியாயம் பிறந்திருக்கிறது. முன்பிருந்த அளவுகோல் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்து வரையப்பட்டது. 2006இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து புதிய அளவுகோல் தந்தது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையை அதே பால் குடித்த பிள்ளைகளோடு ஒப்பிடுவதுதானே முறை?

எல்லா வீட்டிலும் விடை 'போதும்' என்றே வருவதில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், பிறந்து ஐந்து நாளான ஆண் குழந்தை அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தது. "தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று எல்லாரும் மெச்சினார்கள். துணியோ காலையிலிருந்து நனையவில்லை; கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. பாட்டியார் விழிப்பாயிருந்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாததே காரணம் என்று கண்டறிந்தார்கள். தாயின் பாலையே பீய்ச்சிப் பாலாடையால் புகட்டி, பற்றும் முறையையும் கற்பித்து அனுப்பினார்கள். பசிக்கும் குழந்தை எப்போதும் அழும் என்று நினைத்திருந்த எங்கள் தெருவுக்கு அது பெரிய பாடம்.

எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைந்து செங்கல் நிறக் கறை படுவது, வாய் உலர்வது, உச்சிக்குழி உள்வாங்குவது, இரண்டு வாரமாகியும் பிறந்த எடை திரும்பாமை ஆகிய இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கலாகாது. சில தாய்மாருக்கு உடல்நிலை காரணமாக உண்மையிலேயே சுரப்பு குறைவதும் உண்டு. மருத்துவர் சொல்லி வேறு பால் தர நேர்ந்தால் அது அவளுடைய தோல்வி ஆகாது. குழந்தை பிழைப்பதுதான் முக்கியம்.

எங்கள் பேத்தி பதினான்காம் நாள் 2 கிலோ 980 கிராம் இருந்தாள். டின் பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பிற்று. ஆயினும் அந்த இரண்டு மூன்று இரவுகளில் என் மகள் சிந்திய கண்ணீரை எந்தத் தராசும் நிறுக்கவில்லை. அதை எண்ணும்போதெல்லாம் ஒன்று தோன்றுகிறது. பால் காணுமா என்பது நியாயமான கேள்விதான். கேட்கப்படும் இடம்தான் தவறு. தாயிடம் கேட்டால் அது அவள் நெஞ்சில் தைக்கும். குழந்தையிடம் கேட்டால் மறைக்காமல் விடை சொல்லும். நனைந்த துணியும் மஞ்சள் மலமும் ஏறும் எடையும் அதன் மொழி.

அடுத்த முறை பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும் நாம் அந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடலாம். "நீ சாப்பிட்டாயா அம்மா? சற்றுத் தூங்கினாயா?" என்று கேட்கலாம். பிறகு கொடியில் கிடக்கும் துணிகளை மடித்து வைக்கக் கைகொடுக்கலாம். எத்தனை துணி என்று மனத்துக்குள் எண்ணிக்கொள்ளவும் செய்யலாம்.