காசு: சில்லறைக் குறிப்புகள்

அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில், மஞ்சள் வைக்கும் கிண்ணத்தில் ஓர் அம்மன் காசு கிடந்தது. சட்டைப் பொத்தானைவிடப் பெரிதில்லை, செம்பு. துடைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்தக் காசு. அணாவுக்கு இருபது, ரூபாய்க்கு 320. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு இதையும் கொடுப்பார்களாம். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. காசு செல்லாமல் போனது. மஞ்சள் கிண்ணத்தில் மட்டும் செல்லுபடியானது.

*

காசில் இருக்கும் அந்தத் திருக்கோகர்ணத்து அம்மனுக்கே 'அரைக்காசு அம்மன்' என்று பேர். வீட்டில் சாவி காணாமல் போனால் அம்மா பீரோவைத் தேடுவதற்கு முன் வாயால் தேடுவாள்: "அரைக்காசு அம்மா, கெடச்சதும் வெல்லம் வைக்கிறேன்." பெரும்பாலும் சாவி அவள் முந்தானையிலேயே இருக்கும். வெல்லம் எங்களுக்கு.

அம்மனுக்குப் போய் அரைக்காசா என்று கேட்ட வெளியூர் நண்பரிடம், "கால் காசு உத்தியோகமா இருந்தாலும் கவர்மென்ட் உத்தியோகம்னு சொல்றீங்கள்ல, அது மாதிரிதான்" என்றாள். அவளுக்கு இரண்டும் ஒரே கணக்கு. சிறிதாக இருந்தால் என்ன, முத்திரை யாருடையது என்பதுதான் விஷயம்.

*

பழைய இலக்கியத்தில் காசு நாணயமாக மட்டும் வரவில்லை. நகையில் கோக்கிற பொன்மணிக்கும் அதே பேர். குறுந்தொகையின் 67ஆம் பாட்டில், கிளி மூக்கில் பிடித்திருக்கும் வேப்பம்பழம், பொற்கொல்லன் நகத்தில் பிடித்துப் புதுநூலில் கோக்கிற பொற்காசுபோல இருக்கிறது. அல்லூர் நன்முல்லையார் பாடியது. இன்றைய காசுமாலை அந்தப் பொருளின் மிச்சம்.

இன்னொரு பொருள் தலைகீழ்: காசு என்றால் குற்றம். 'காசறு' என்று படித்துவிட்டுப் பாவம், பணமில்லாதவர்போல என்று நினைத்தால் போச்சு. குற்றமில்லாத என்று அர்த்தம். காசநோயில் இருப்பதோ வேறு சொல், வடமொழியில் இருமல்.

*

சோழர் கல்வெட்டுகளில் காசு பெரிய இடத்துப் பிள்ளை. ஈழக்காசு, பழங்காசு, அன்றாடு நற்காசு என்று வகைகள். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தைக் கடனாகப் பெற்ற ஊர்கள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டுகின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை. சோழர் காலத்தில் தங்கத்துக்கு வழங்கிய பேர், புதுக்கோட்டைத் தொண்டைமான் காலத்தில் செம்புத் துண்டுக்கு வந்தது. பேர் அப்படியே, ஆள்தான் இறங்கிவிட்டான்.

*

போர்ச்சுகீசியர் 'காசு' என்பதைக் காதில் வாங்கி 'கைஷா' ஆக்கினார்கள். ஆங்கிலேயர் அதை 'கேஷ்' ஆக்கினார்கள். சென்னையில் கம்பெனிக் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808இல் இங்கிலாந்தில் அடித்த கம்பெனிச் செப்புக் காசில் ஆங்கிலத்தில் 'கேஷ்', பாரசீகத்தில் 'காஸ்'. அந்தக் காசு மூட்டைகளோடு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் ஊரைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கியது. நம் சொல்லின் பெரும்பாரம் இன்னும் இங்கிலாந்துக் கடலுக்கடியில்.

சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் 'கேஷ்' என்றே அழைத்தார்கள். அதைச் செலவழித்த சீனர்கள் அப்படிச் சொன்னதேயில்லை.

*

இங்கே கொஞ்சம் நிதானம். "இங்கிலீஷ் கேஷே நம்ம காசுதான்" என்று மேடையில் கைதட்டு வாங்குகிறோம். பாதிதான் சரி. மேலே சொன்ன சின்ன நாணயத்தின் பேர் நம்முடையது. ஆனால், இன்று "கேஷா, கார்டா" என்று கேட்கிற கேஷ் வேறு. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் 'கப்ஸா' என்ற லத்தீன் பெட்டி. மாத்திரைக் கேப்சூலும் அந்தப் பெட்டியின் குழந்தைதான். மருந்துக் கடையில் கேஷ் கொடுத்துக் கேப்சூல் வாங்குகிறவர், அக்காவைக் கொடுத்துத் தங்கையை வாங்குகிறார்.

அந்தக் காலத்துக் கடைக்காரர் காசைச் சுண்டி, சத்தம் கேட்டுத்தான் வாங்குவார். சொல்லுக்குச் சத்தம் மட்டும் போதாது. உரசியும் பார்க்க வேண்டும்.

*

உரசாமல் வெறும் வேடிக்கைக்காகச் சேர்த்தவை. நெடிலைச் சற்றுக் குறுக்கினால்:

கொரிய மொழியில் 'கசு' பாட்டுக்காரர். கொரியத் தொடர் பார்க்கும் அண்ணன் மகள் சொன்னாள்.

ஜப்பானில் 'கசு' சாக்கே மது வடித்தபின் தங்கும் கசடு. நம் கசடு பக்கத்தில் நின்று சிரிக்கிறது. உறவு என்று எழுதிவிடாதே.

எஸ்தோனியாவில் 'கசு' லாபம். இதுவும் தற்செயல்தான்; ஆனால் எந்தச் செட்டியாரும் ஒத்துக்கொள்வார்.

சிங்களத்தில் 'காசி' நாணயம். இது தற்செயல் அல்ல. கடல் அவ்வளவு அகலமில்லை.

*

1898இல் ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. முகம் போனாலும் பொன் போகவில்லை, எடை அப்படியே.

*

டீக்கடையில் நேற்று.

"அண்ணே, ஜிபேயா?"

"இல்லப்பா, கேஷ்."

"காசா! சில்லறையா குடுங்கண்ணே."

கேஷ் என்றது நான். காசு என்று திருத்தியது அவர்.

*

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா வெண்பாவின் ஈற்றுச் சீர் நடத்தினார்: நாள், மலர், காசு, பிறப்பு. எனக்கு மலருக்கும் பிறப்புக்கும் நடுவில் காசு எதற்கு என்று குழப்பம். எழுந்து கேட்டேன். "இங்க காசுன்னா காசு இல்லடா. நேரசை, பின்னால ஒரு உகரம். அளவு மட்டும் பாரு" என்றார். அப்போது விளங்கவில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் உளி விழுந்த காசின் படத்தைப் பார்த்தபோதுதான் ஐயா குரல் கேட்டது. வெண்பாவின் கடைசியில் நிற்கும் காசும் அப்படித்தான். முகமில்லை, எதையும் வாங்காது. எடைக்கு நிற்கிறது.