பரங்கிமலையில் ஒரு காலைப் பொழுது

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்படும் மின்சார இரயிலில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். 1931ஆம் ஆண்டிலேயே மின்வண்டி ஓடத் தொடங்கிய பாதை அது. நெரிசலில் நின்று செல்பவர்க்குச் சன்னலுக்கு வெளியே உள்ளவை கண்ணில் படுவதில்லை. கடந்த டிசம்பர் 3ஆம் நாள், புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளன்று, காலைத் திருப்பலி முடிந்தபின் அந்த வண்டியில் ஏறிப் பரங்கிமலைக்குச் சென்று வந்தேன். தொலைவு சிறிது, ஆயினும் அச்சிறு பயணம் கற்பித்த பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நான் தனியே செல்லவில்லை. எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் உடன் வந்தான். மறைபரப்புச் சபை ஒன்றில் சேர்ந்து வடகிழக்கு மாநிலங்களில் பணிபுரிய வேண்டும் என்பது பள்ளி நாட்களிலிருந்தே அவனுடைய ஆசை. கல்லூரிப் படிப்பு முடிந்தது. சபையாரும் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டனர். புறப்பட வேண்டிய வேளையில் தந்தை நோயில் விழுந்தார். தங்கையின் படிப்போ பாதியில் நின்றது. "குடும்பக் கடமையை நிறைவேற்றிவிட்டு வா, காத்திருப்போம்" என்று சபையார் அன்போடு சொல்லி அனுப்பினர். ஆண்டுகள் மூன்று கழிந்துவிட்டன. சானடோரியம் அருகிலுள்ள தொழிற்பேட்டையில் வேலை பார்த்து வீட்டைத் தாங்கி வருகிறான். அன்று திருப்பலி முடிந்ததும் சக்ரீஸ்து வாசலில் நின்று என்னைக் கேட்டான்:

"ஃபாதர், என்னை அழைத்தவர் ஆண்டவர்தாம் என்றால், கதவை ஏன் அடைத்து வைத்திருக்கிறார்?"

அதற்கு ஆயத்தமான விடை என்னிடம் இல்லை. "உனக்கு இன்று விடுமுறைதானே? வா தம்பி, மலைக்குப் போய் வருவோம்" என்றேன்.

வண்டி தாம்பரத்தை விட்டு நகர்ந்தபோது, ஊரின் பழைய செய்தி ஒன்றை அவனுக்குச் சொன்னேன். 1938ஆம் ஆண்டு டிசம்பரில், பிற திருச்சபைகளைச் சேர்ந்த நம் சகோதரர்கள் உலக மறைபரப்பு மாநாடு ஒன்றைக் கூட்டினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 470 பேர் வந்தனர். முதலில் அவர்கள் குறித்திருந்த இடம் சீனாவிலுள்ள ஹாங்சௌ நகரம். 1937இல் மூண்ட சீன-சப்பானியப் போர் அத்திட்டத்தைக் கலைத்துவிட்டது. அதே ஆண்டில்தான் சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. இடமில்லாமல் நின்ற மாநாட்டுக்கு அக்கல்லூரி இடமளித்தது. இன்றும் மறைபரப்பு வரலாற்றை எழுதுவோர் 'தாம்பரம்' என்ற பெயரை விட்டு எழுத முடியாது. ஒரு கதவு அடைபட்டதால் இந்த ஊருக்குக் கிட்டிய பெயர் அது.

அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். 1937இல் அரசு அதனை ஏற்றது. இளைஞனின் தந்தை நுரையீரல் நோய்க்கு மருந்து பெறுவதும் இங்கேதான். "மாதந்தோறும் அப்பாவோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பேன், ஃபாதர். காத்திருப்பது எப்படி என்று அங்கே இருப்பவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்" என்றான். அவன் அறியாமலே தன் கேள்விக்கு விடை தேடத் தொடங்கிவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன்.

குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் கடந்து பரங்கிமலையில் இறங்கினோம். மலை என்று பெயரே தவிர உயரம் ஏறக்குறைய 300 அடிதான். 1726ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் அமைத்துக் கொடுத்த கற்படிகள் வழியாக ஏறினோம். நடுவில் மூச்சு வாங்கவே, ஐம்பதைக் கடந்த நான் ஒரு படியில் அமர்ந்தேன். அவனும் பக்கத்தில் அமர்ந்தான்.

மேலே 1523இல் போர்த்துகீசியர் எழுப்பிய சிறு கோயில் இருக்கிறது. 1547இல் அங்கே அடித்தளம் தோண்டியபோது, பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. புனித தோமையார் கி.பி. 72இல் இம்மலையில் இரத்தம் சிந்தினார் என்பது நம் முன்னோர் காத்து வந்த மரபு. 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கே வந்து செபித்தார். இவற்றையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். ஆனால், இக்கோயில் எந்தப் பெயரால் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'எதிர்பார்ப்பின் மாதா' என்பதே அப்பெயர். டிசம்பர் 18ஆம் நாள் அத்திருநாள். பேறுகாலம் நெருங்கிய அன்னை, மகனின் முகத்தைக் காண ஆவலோடு காத்திருக்கும் நாட்களை நினைவுகூரும் விழா அது. அப்போஸ்தலரின் மலைமேல் திருச்சபை வைத்திருப்பது காத்திருக்கும் ஒரு தாயை!

கோயிலில் செபித்துவிட்டு வெளியே வந்து கிழக்கு நோக்கி நின்றோம். கட்டடங்களுக்கு அப்பால் கடல் மங்கலாகத் தெரிந்தது. "அதோ, அந்தப் பக்கம் சாந்தோம். இன்று நாம் கொண்டாடும் சவேரியார், உன்னைப்போல் வழி தெரியாமல் நான்கு மாதம் காத்திருந்த இடம்" என்றேன். அவன் வியப்போடு திரும்பிப் பார்த்தான். அவன் அறிந்த சவேரியார் ஓயாமல் நடப்பவர், ஆயிரக்கணக்கானோர்க்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கை சோர்ந்தவர். காத்திருந்த சவேரியாரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். 1544ஆம் ஆண்டின் இறுதியில், மன்னார்த் தீவில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மக்களில் அறுநூறு பேருக்குக் குறையாமல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர் என்பர். துயருற்ற சவேரியார் போர்த்துகீசிய ஆளுநரிடம் சென்று முறையிட்டார். நாகப்பட்டினத்தில் படை திரட்டி யாழ்ப்பாணம் செல்வதென முடிவாயிற்று. அதன்பின் அங்கே மறைப்பணி தழைக்கும் என்ற நம்பிக்கையோடு 1545இல் அவரும் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். படை புறப்படவேயில்லை. பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துகீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிற்று. சரக்கு மன்னன் கைக்குப் போய்விட்டது. அதனை மீட்பதே அதிகாரிகளுக்குப் பெரிதாயிற்று. சரி, தெற்கே குமரிமுனைக்குத் திரும்பலாம் என்றால் காற்று இடங்கொடுக்கவில்லை. வடக்கே மயிலாப்பூருக்குப் புறப்பட்டார், அங்கும் எதிர்க்காற்று. கடைசியில் கால்நடையாகவே வந்து அப்போஸ்தலரின் கல்லறையை அடைந்தார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மன்னார் மக்களுக்காகச் சவேரியார் பட்ட வேதனை தூயது. ஆனால், அதற்கு அவர் நாடிய வழி வாளின் துணையை நம்பிய வழி. அக்காலத்தில் அது தவறென்று பலருக்குத் தோன்றவில்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போது, அது நிறைவேறாமற் போனதற்காக ஆண்டவருக்கு நன்றி கூறவே தோன்றுகிறது. நம் ஆசைகள் நல்லவையாக இருக்கலாம். அவற்றோடு கலந்திருப்பவை எல்லாம் நல்லவை அல்ல. தாமதம் சில வேளைகளில் களை எடுக்கும் கருவி.

மயிலாப்பூரில் பங்குக்குரு கஸ்பார் கொயேலியோவின் இல்லத்தில் அவர் தங்கினார். இரவில் கல்லறை அருகே செபம்; பகலில் ஊர் மக்களின் பாவசங்கீர்த்தனம். செலிபிஸ் தீவின் மக்காசார் பகுதியில் சிலர் திருமறையைத் தழுவினர் என்ற செய்தி அவர் காதில் விழுந்திருந்தது. போவதா, இருப்பதா? வாரக்கணக்கில் மன்றாடினார். 1545 மே 8ஆம் நாள் மயிலாப்பூரிலிருந்து எழுதிய மடலில், ஆண்டவர் தமக்கு ஆறுதலோடு வழி காட்டினார் என்றும், அவ்வாண்டு கப்பல் கிடைக்காவிட்டால் ஒரு கட்டுமரத்தில்கூட நம்பிக்கையோடு ஏறிப் போவதாகவும் தெரிவித்தார். நம் கடற்கரைச் சொல்லான 'கட்டுமரம்' அவர் மடலில் இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமை!

"அப்புறம் மக்காசார் போனாரா, ஃபாதர்?"

"இல்லை தம்பி, கடைசிவரை போகவேயில்லை."

மலாக்கா சேர்ந்து மூன்று மாதத்திற்கு மேல் காத்திருந்தார். மக்காசாருக்கு வேறொரு குரு முன்னரே சென்றிருந்தார். அங்கிருந்து செய்தி வந்தபாடில்லை. ஆகவே 1546 சனவரியில் அம்போய்னாத் தீவுகளுக்குக் கப்பலேறினார். 1547 டிசம்பரில் மீண்டும் மலாக்காவில் இருந்தபோது, அஞ்சிரோ என்ற சப்பானியரைச் சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாக 1549 ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்பு விழாவன்று, சப்பானில் கால் வைத்தார். மயிலாப்பூரில் செபித்தபோது அந்நாடு அவர் எண்ணத்தில் இல்லை. பின்னர் சீனாவுக்குள் நுழைய விரும்பி, சான்சியான் தீவில் தமக்கு வாக்களித்த வணிகனின் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. 1552 டிசம்பர் 3ஆம் நாள் கரையைப் பார்த்தபடியே உயிர் துறந்தார். சீனாவில் நுழைந்து பணியாற்றப் போகும் மத்தேயு ரிச்சி, அன்று இத்தாலியில் இரண்டு மாதக் குழந்தை! அவர் 1583இல் உள்ளே சென்றார். தட்டியவர் ஒருவர், நுழைந்தவர் வேறொருவர், திறந்தவர் ஆண்டவர்.

பழைய மரபுக் கதை ஒன்றில், தோமையார் இந்தியாவுக்குப் போக மறுத்தார் என்றும், ஆண்டவர் அவரை ஒரு வணிகனிடம் விற்று அனுப்பினார் என்றும் வருகிறது. போக மறுத்தவர் அனுப்பப்பட்டார். போகத் துடித்தவர் நிறுத்தப்பட்டார். புனித பவுல் ஆசியாவில் போதிக்கப் புறப்பட்டபோது தூய ஆவியார் தடுத்ததை அப்போஸ்தலர் பணி நூலின் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மக்கெதோனியாவின் கதவு அதன்பிறகே திறந்தது. வியட்நாமிலுள்ள ஹனோய் கார்மேல் மடத்துக்குப் போக ஏங்கிய புனித குழந்தை தெரேசாளை நோய் தடுத்தது. லிசியே மடத்தை விட்டு எங்கும் போகாமல் 24ஆம் வயதில் இறந்தவரை, 1927இல் திருச்சபை சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக்கிற்று. கடல் கடந்தவரும் அறையைக் கடக்காதவரும் ஒரே பீடத்தில்!

மலையில் இன்னொரு நினைவும் உண்டு. 1802இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்திய நிலத்தை அளக்கத் தொடங்கியபோது, இம்மலையின் அருகிலிருந்து பெரும்பாக்கம் நோக்கி அடிக்கோடு ஒன்றை அளந்தார். ஏழரை மைல் தூரத்துக்கு 57 நாள் பிடித்தது. பிற்காலத்தில் இமயத்தின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த அளவைப் பணியின் தொடர்ச்சியே. அடிக்கோடு பிழைபட்டால் மேலே வரும் எதுவும் நேராகாது. நோயுற்ற தந்தையைத் தாங்கி நிற்கும் இந்த மூன்று ஆண்டுகள் அவனுடைய அடிக்கோடு என்று சொன்னேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. அந்த அமைதியில் என் கதையையும் சொன்னேன். குருமடத்தில் இருந்தபோது, 1885இல் சோட்டா நாக்பூரில் பணி தொடங்கிய தந்தை லீவன்சைப் பற்றி வாசித்து, அங்கே போகத் தவித்தேன். "இங்கேயே ஆள் போதவில்லை; பிறகு பார்ப்போம்" என்றனர் பெரியவர்கள். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. பல ஆண்டுகள் உள்ளத்தில் கசப்பு இருந்தது. போக வேண்டும் என்ற ஆசையில், பிறர் என்னைப் போற்ற வேண்டும் என்ற ஆசையும் கலந்திருந்ததை மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன்.

ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின் கோயில் வாசலில் நான்கு இளைஞர்கள் தயங்கி நின்றனர். வண்டலூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஒருவன் கழுத்தில் செபமாலை. எனக்குத் தெரிந்த சில இந்திச் சொற்களைக் கொண்டு விசாரித்தேன். ஜார்க்கண்டு, ஓராவோன் இனம், கத்தோலிக்கர். பல மாதமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையாம். நான் போக ஏங்கிய சோட்டா நாக்பூர், தானே இரயிலேறி என் கோயில் வாசலுக்கு வந்து நின்றது! அன்றிரவு இந்திப் பாலபாடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். இன்றும் என் இந்தி தடுமாறும்; அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

படியிறங்கும்போது அவன் கேட்டான்: "என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் ஒடிசாவும் அஸ்ஸாமும், ஃபாதர். எனக்கு இந்தி ஓரளவு வரும். ஞாயிற்றுக்கிழமை நானும் வரட்டுமா?"

அன்றிலிருந்து வருகிறான். நோயுற்றவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். ஊருக்குப் பணம் அனுப்பப் படிவம் நிரப்பித் தருகிறான். செபமாலை சொல்லும்போது அவர்கள் மொழியில் பதில் சொல்லப் பழகிவிட்டான். சபையிலிருந்து இன்னும் அவனுக்கு அழைப்பு வரவில்லை. எப்போது வரும் என்று அவன் என்னைக் கேட்பதுமில்லை. ஒருவேளை வரலாம், வராமலும் போகலாம். எதுவாயினும், அனுப்புகிறவர் ஆண்டவர். நாம் பற்றிக்கொள்ள வேண்டியது அவருடைய கரத்தை, நாம் வரைந்த வரைபடத்தை அன்று.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இறைப்பணிக்குச் செல்லும் வழியில் தடைபட்டு நின்றால், அழைத்தல் பொய்யென்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஒருநாள் பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். எதிர்பார்ப்பின் அன்னையின் முன் சற்று நேரம் அமர்ந்திருங்கள். ஒன்பது மாதம் காத்திருந்து உலகின் மீட்பரை ஈன்ற அத்தாய், காத்திருக்கும் பிள்ளைகளுக்காகத் தம் திருமகனிடம் மன்றாடுவாராக!