கிரேபன்ஹவுசனில் அரைமணி நேரம்

ஜெர்மனியில் பிராங்பர்ட்டிலிருந்து டார்ம்ஸ்டாட் செல்லும் பெருஞ்சாலையில் கிரேபன்ஹவுசன் என்றொரு தங்கிடம் உண்டு. பெட்ரோல் நிலையமும் லாரி வரிசையுமன்றி அங்கே காண்பதற்கு யாதுமில்லை. ஆயினும் நாம் வேண்டுமென்றே இறங்கினோம்.

ஐரோப்பிய இளைஞர் லாரித் தொழிலை நாடுவது அரிதாகிவிட்டது. ஆகவே போலந்து நிறுவனங்கள் பல, ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து ஓட்டுநரை அமர்த்துகின்றன. அத்தகையோர் சுமார் 60 பேர், கூலி கிட்டாமையால், 2023 மார்ச்சில் இங்கேயே வண்டிகளை நிறுத்திவிட்டனர். ஏப்ரல் 7-ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமையன்று, வண்டிகளைக் கைப்பற்ற முதலாளி கவச வாகனத்தோடும் தனியார் காவற்படையோடும் வந்தார். கோயில்களிலே திருப்பாடுகள் வாசிக்கப்படும் நாள் அது! போலீசார் குறுக்கிட்டுத் தடுத்தனர். மாத இறுதியில் கூலி கிட்டியது. ஜூலையிலோ அதே நிறுவனத்தின் ஓட்டுநர் இன்னும் பெருந்தொகையாய் இங்கேயே நின்றனர். சிலர் உண்ணாவிரதமும் இருந்தனர். ஆளில்லையென்று அழைத்தவரே ஆளென மதியாத விந்தையை என்னென்பது!

வாரத்தின் 45 மணி நேர ஓய்வை வண்டிக்குள் கழிக்கலாகாதென ஐரோப்பியச் சட்டம் விதிக்கிறது. நாம் சென்ற ஞாயிறன்றோ, சக்கரத்தருகே அடுப்பு மூட்டி ஒருவர் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பிரிந்து எத்தனை காலமென்று சைகையால் வினவினோம். ஐந்து விரல்களை விரித்தார். வாரமோ, மாதமோ, நமக்கு விளங்கவில்லை. தாம் அமர்ந்திருந்த பெட்டியை நம் பக்கம் நகர்த்திவிட்டு, இன்னுமிரண்டு கிழங்கைப் பானையிலிட்டார்.