கணவாய் எழுதிய கணக்கு

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ‘ப்ராக்ஸி’ என்றால் வராத நண்பனுக்காக ‘பிரசென்ட் சார்’ சொல்வது. நான் ஓய்வு பெறும்வரை கட்டி மேய்த்தது வேறொரு ப்ராக்ஸி. காரைக்காலில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் எனக்கு வேலை. (கல்லூரியின் பெயர் வேண்டாமே.)

நாற்பது கம்ப்யூட்டர்கள். வெளியுலகத்துக்கு ஆரம்பத்தில் இருந்தது ஒரே ஒரு 64 கேபிபிஎஸ் லைன். இன்றைய வாட்ஸ்அப் குட்மார்னிங் படம் ஒன்று வந்தாலே மூச்சு முட்டிவிடும். அதனால் நடுவில் ஒரு பழைய பென்டியம் பெட்டியை வைத்து, லினக்ஸ் போட்டு, அதில் ஸ்க்விட் என்ற மென்பொருளை ஓட்டினோம். 1996-இல் அமெரிக்காவில் டுவேன் வெஸ்ஸல்ஸ் உருவாக்கியது, இலவசம். ஸ்க்விட் என்றால் நம்மூர் கணவாய்தான். நெட் நின்றுபோனால் காரைக்கால்மேட்டுப் பையன்கள், “சார், கணவாய் செத்துடுச்சு” என்பார்கள்.

எந்த மாணவனும் நேரே இணையத்துக்குப் போக முடியாது. அவன் கேட்பதைக் கணவாய் போய் வாங்கிவரும். வந்ததில் ஒரு பிரதியைத் தன் டிஸ்கில் வைத்துக்கொள்ளும். அடுத்தவன் அதே பக்கத்தைக் கேட்டால் வெளியே போகாமலே எடுத்துக் கொடுத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாற்பது பேரும் ஒரே முகவரி.

காரைக்கால்காரர்களுக்கு இது புதிதல்ல. என் அத்தைக்கு பிரான்சிலிருந்து சொல்தா பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அத்தைக்கு பிரெஞ்சு தெரியாது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர்தான் கடிதம் எழுதுவார், வரும் பதிலையும் படித்துச் சொல்வார். அத்தையின் பணம், நோய், மகனோடு வந்த மனஸ்தாபம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கணவாயும் எல்லாவற்றையும் குறித்து வைக்கும். எந்த மெஷின், எந்தப் பக்கம், எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நேரத்தைக்கூட 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகளாகத்தான் எழுதும். வாரக் கடைசியில் அதிலிருந்து அதிகம் திறந்த தளங்களைப் பட்டியலிட்டு, மெஷின் எண்ணோடு அச்சடித்து மேலிடத்துக்கு அனுப்புவேன். யாரும் கேட்கவில்லை. என் சுறுசுறுப்பு!

2006 ஜூலை 11-இல் மும்பை ரயில்களில் குண்டு வெடித்தது. அடுத்த சில நாட்களில் தொலைத்தொடர்புத் துறை சில பக்கங்களை மட்டும் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. அந்தச் சில பக்கங்களைத் தனியே பிரித்துத் தடுக்காமல், இணைய நிறுவனங்கள் பல பிளாக்ஸ்பாட் முழுவதையும் மூடிவிட்டன. தமிழ் வலைப்பூக்களில் பெரும்பாலானவை அன்று அங்கேதான் இருந்தன. தமிழ்மணத்தில் தலைப்பு தெரியும், சொடுக்கினால் ஒன்றும் வராது.

அந்த வாரப் பட்டியலில் பிகேபிளாக்ஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அதுவும் ஒரு ப்ராக்ஸிதான். அதே ஆண்டு பாகிஸ்தானில் பிளாக்ஸ்பாட் தடைபட்டபோது அங்குள்ளவர்களுக்காக உருவாக்கியது. இங்கே தடை வந்ததும் நம் பதிவர்களும் அதன் வழியாகவே படித்தார்கள். எனக்கு அது தெரியும். ஆனாலும் பட்டியலை வழக்கம்போல் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கூப்பிட்டார்கள். “பிகே என்றால் பாகிஸ்தான்தானே?” லேப் பதிவேட்டைப் புரட்டி, 14-ஆம் மெஷினில் உட்கார்ந்தது யார் என்று பார்த்தார்கள். பெயரைப் படித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ஒரு முஸ்லிம் பையனின் பெயர். வேறு நான்கு மெஷின்களிலும் அதே தளம் திறந்திருந்தது. அந்தப் பெயர்களை யாரும் தேடவில்லை.

ஒரு மணி நேரம் விளக்கினேன். அவன் திறந்த பக்கங்களைக் காட்டினேன். இரண்டு சினிமா விமர்சனம், ஒரு கவிதை வலைப்பூ, சி புரோகிராமிங் பற்றி ஒன்று. ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் அவனை வரவழைத்து, வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனான்.

அதோடு பட்டியல் அனுப்புவதை நிறுத்தினேன். குறிப்புகளை ஏழு நாளில் அழிக்கும்படி கணவாயை மாற்றி வைத்தேன். இப்போதெல்லாம் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ். நடுவில் இருக்கும் ப்ராக்ஸிக்குத் தளத்தின் பெயர் தெரியுமே தவிர, எந்தப் பக்கம் என்பது தெரியாது. அன்றைக்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது.

சில நாட்களில் தடை நீங்கியது. அந்தப் பருவம் முழுக்க அவன் லேபுக்கு வரவில்லை. ஒரு நாள் பாரதியார் சாலையில் ஜெராக்ஸ் எடுக்க ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். கடைசி கேபினில் இருந்தான். “நல்லா இருக்கியாப்பா?” என்றேன். “இருக்கேன் சார்” என்று எழுந்து நின்றவன், அதற்கு முன்பே திரையில் இருந்ததை மூடிவிட்டிருந்தான்.