தொடுவதே வெற்றியாகும் விளையாட்டு

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக், ஏவுகணை ஆய்வுக்கூடத்தாலும் பாரத் டைனமிக்ஸ், மிதானி ஆகிய பொதுத்துறை நிறுவனங்களாலும் அறியப்பட்ட பகுதி. பல மாநிலத்தார் பணிபுரியும் இத்தகைய இடத்தில் கபடிக்கு ஒரே பெயர் இருக்க இயலாது. தமிழர் சடுகுடு என்பர். தெலுங்கர் செடுகுடு என்பர். மராட்டியர் ஹுதூதூ என்பர். வங்காளியர் ஹாடுடு என்பர். ஒரே மூச்சில் பாடியபடி எதிரணியின் களத்துள் புகுந்து, தொட்டு, மூச்சு முறியுமுன் மீள்வது என்னும் அடிப்படை மட்டும் அனைவருக்கும் பொது.

இப்பொதுமையைச் சுட்டியே கபடியை இந்தியாவின் தேசிய விளையாட்டு என்று பலர் எழுதுகின்றனர். உண்மையில் இந்திய அரசு எந்த விளையாட்டையும் அவ்வாறு அறிவித்ததில்லை. பள்ளி மாணவி ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுப்பிய வினாவுக்கு 2012-இல் விளையாட்டு அமைச்சகம் தந்த விடை இதுவே. வங்கதேசத்தின் தேசிய விளையாட்டு கபடி. தமிழ்நாட்டுக்கு அது மாநில விளையாட்டு. இந்தியாவைப் பொறுத்தவரை 'தேசிய' என்பது அரசு வழங்கிய தகுதியன்று. மக்கள் தாமே அளித்துக்கொண்ட பெயர். எனவே அப்பெயருக்கு இவ்விளையாட்டு எந்த அளவுக்கு உரியது என்பதை அரசாணையில் அன்று, ஆடுகளத்தில்தான் தேட வேண்டும்.

ஆடுகளத்தின் வரலாறு பெருமைக்குரியது. அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடியை ஆடிக் காட்டியது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்க விளையாட்டாயிற்று. அதுமுதல் 2014 வரை ஆடவர் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே கிடைத்தது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக் வீரர்களை வீட்டுத் திரைகளுக்குக் கொண்டுவந்தது.

எனினும் இவ்விளையாட்டின் உட்பொருள் பதக்கங்களில் இல்லை, தொடுதலில் இருக்கிறது. பாடி வருபவர் ஒருவரைத் தொட்டு நடுக்கோட்டைக் கடந்துவிட்டால் தொடப்பட்டவர் வெளியேற வேண்டும். அவரைத் தடுக்க ஒரே வழி உடலோடு உடல் பொருதிப் பிடித்து நிறுத்துவது. பிடி தளர்ந்தால், பிடிக்க முயன்றவரே ஆட்டமிழப்பார். தொட்டும் தொடாமலும் நிற்பவருக்கு இங்கே வெற்றி இல்லை.

தொடுதலையே தீட்டாக்கிய ஒரு சமூகம் இந்த விளையாட்டை நூற்றாண்டுகளாகப் போற்றி வந்திருப்பது எளிதில் கடந்துபோகத்தக்க முரண் அன்று. பணியாளர் குடியிருப்புகளில் வீடு பதவித் தரத்தின்படி ஒதுக்கப்படுகிறது. அண்டை வீட்டார் யார் என்பதைச் சாதி தீர்மானிப்பதில்லை. கிராமத்தில் தெருவே சாதியின்படி அமைகிறது. பல ஊர்களில் கபடி அணியும் தெருவின்படியே அமைகிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து எழுந்து, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்று, அர்ஜுனா விருதும் பெற்றவர் மணத்தி கணேசன். அவர் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய 'பைசன்' 2025-இல் வெளிவந்தபோது பேசப்பட்டது அவருடைய ஆட்டத்திறன் மட்டுமன்று. களத்தை அடைவதற்கு முன் ஒரு தலித் இளைஞன் கடக்க வேண்டியிருந்த வழியும்தான்.

மரபு எவருக்கும் தனியுடைமையன்று என்பதையும் கபடியே காட்டிற்று. 2018-இல் ஜகார்த்தாவில் இந்திய ஆடவர் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றனர். மகளிர் இறுதிப் போட்டியில் ஈரானிடமே தோற்றனர். வென்ற ஈரானிய மகளிரைப் பயிற்றுவித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். ஓர் இந்தியப் பெண்ணின் அறிவு எல்லை கடந்து சென்று வென்றது. ஊருக்குள் ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்குச் செல்வதே அதனினும் கடினமாக இருக்கும் இடங்கள் இன்றும் உள்ளன.

போட்டிக் குறிப்பேடுகள் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைச் சொல்லும். யார் களத்துக்குள்ளேயே அழைக்கப்படவில்லை என்பதைச் சொல்லா. விளையாட்டு வரலாறு எழுதுவோர் மூத்த வீரர்களிடம் நேரில் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டியது அந்த இரண்டாம் பட்டியலையே. களத்தில் இறுகப் பற்றிய கை, ஆட்டம் முடிந்தபின் அதே மனிதனுக்குத் தண்ணீர்க் குவளையை நீட்டுகிறதா என்னும் கேள்விக்குக் கிடைக்கும் விடையே, கபடி தேசிய விளையாட்டா என்பதற்கும் விடையாகும்.