சாவி யார் கையில்?

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பூட்டுக்கு இன்னும் கொஞ்சம் மவுசு கூடியிருக்கிறது. ஆனால் பூட்டின் பெருமையெல்லாம் சாவியில்தானே இருக்கிறது? சாவி இல்லாதவனுக்கு மாங்காய்ப் பூட்டும் ஒன்றுதான், மலைக்கோட்டை மதிலும் ஒன்றுதான். நான் இங்கே பேச வந்தது வேறொரு சாவியைப் பற்றி. வீட்டு வாசலருகே ஆணியில் தொங்குகிறதே, அந்த வண்டிச் சாவியைப் பற்றி.

ஒரு குடும்பத்தின் போக்கைத் தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சாவி யார் கைக்குச் சுலபமாகப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி நம்மவர்களுக்கு அபிப்பிராயங்களுக்குக் குறைவே கிடையாது. பழனி சாலையில் பத்து நிமிஷம் போய்வந்த எவரைக் கேட்டாலும் ஒரே தீர்ப்புத்தான்: பஸ்காரன் முரடன், ஆட்டோக்காரன் நினைத்த இடத்தில் திரும்புகிறான், நடந்து போகிறவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிறான். ஊரிலேயே ஒழுங்காக ஓட்டுகிற ஆசாமி, தீர்ப்புச் சொல்கிறவர் ஒருவர்தான்! இத்துடன் இன்னோர் அபிப்பிராயமும் தவறாமல் வரும்: "முன்னால் ஒரு பொம்பளை ஓட்டிக்கிட்டுப் போறா ஸார், ஒதுங்கிப் போறதுதான் நல்லது."

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார், நல்ல மனிதர். அவருடைய பெண் கல்லூரியில் படிக்கிறாள். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"அவளுக்கு எதுக்கு ஸார் வண்டி? எங்கே போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடுறேனே" என்றார்.

"பகல் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆபீஸில்தான்."

"அந்த நேரத்தில் வீட்டில் பாட்டிக்கு மூச்சுத் திணறினால்?"

"தம்பி இருக்கானே!" என்றார் அவர்.

தம்பிக்கு வயது பதினைந்து. லைசென்ஸ் கிடையாது, மீசையும் இப்போதுதான் அரும்புகிறது. ஆனால் சாவி மட்டும் எப்போதும் அவன் பையில்!

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதைப் பற்றிக் கண்டிப்பாகவே பேசுகிறது. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் இல்லை. சட்டம் தகப்பனாரைப் பிடிக்கிறது; தகப்பனாரோ பெண்ணைப் பிடித்து வைக்கிறார்!

"பயமாக இருக்கிறதே" என்பார்கள். பயம் நியாயமானதுதான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 75,000 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். இதைக் கேட்டு நெஞ்சு பதறாதவர் யார்? ஆனால் பதறுகிற நெஞ்சு செய்ய வேண்டியது என்ன? பிள்ளை கையிலிருந்து சாவியை வாங்கிவைக்க வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸ் எடுத்துத் தர வேண்டும். பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஒரு ஹெல்மெட் வாங்க வேண்டும். கணவர் தலையில் ஹெல்மெட், மனைவி தலையில் மல்லிகைப்பூ என்று போகிற வண்டிகளைத்தான் தினமும் பார்க்கிறோம். பூ வைத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூ வைத்த தலையும் தலைதான் அல்லவா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் காந்திகிராமம் இருக்கிறது. அதை 1947-இல் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். தென்னாட்டில் பஸ் போக்குவரத்துக்கு வழிகாட்டிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி அவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். அந்த நாளில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு உலகம் ஒதுக்கிய இடம் வீட்டின் ஒரு மூலைதான். அவரோ டில்லிக்குப் போய் மருத்துவம் படித்தார், ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இந்த வறண்ட சீமையில் ஆஸ்பத்திரியும் பள்ளியும் கண்டார். 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். ஊருக்கெல்லாம் பஸ் விட்ட வீட்டில் பிறந்தவர், தம் பாதையைத் தாமே போட்டுக்கொண்டார். அன்று அவரை மூலையில் உட்கார வைத்திருந்தால் நஷ்டம் அவருக்கு மட்டுமா?

2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசாங்கம் அறிவித்தபோது சிலர் கேலி செய்தார்கள். சின்னாளபட்டியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண்ணிடம் கேட்டால் தெரியும். டிக்கெட் காசு மிச்சமானது ஒரு புறம் இருக்கட்டும். காலையில் எழுந்ததும் பஸ்ஸுக்காக ஒருவரிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! அதுவும் ஒரு சாவிதான். ஆயினும் பஸ் அதன் நேரத்துக்குத்தான் வரும். அதன் வழியில்தான் போகும். கடைசி பஸ் போன பிறகு வரும் காய்ச்சலுக்கு, வாசலில் நிற்கும் வண்டிதான் துணை. அதை ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆகையால் என் யோசனை இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் நடமாட்டமில்லாத மைதானமாகப் பார்த்துப் பெண்ணையோ மனைவியையோ அழைத்துப் போங்கள். முதலில் எல்.எல்.ஆர். எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி தடுமாறும்; கத்தாதீர்கள். நீங்கள் கற்றபோதும் அது தடுமாறியதுதான். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று, நீங்களும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். "மெதுவாப் போம்மா" என்று ஒரு தடவை சொல்லலாம். இரண்டாம் தடவை வாயைத் திறக்கக் கூடாது.