ஆட்டம் கண்ட ஷாஃப்ட்

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் உத்தரபாராவில் நின்றுபோனது. அதற்கு வெகு முன்பே பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த எஞ்சினோடு வண்டியை ஓட்டுகிறவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கோளாறு என்றால் அவர்களில் சிலர் விசாரித்து வந்து நிற்பது அயனாவரத்தில் ஒரு சந்து வீட்டு வாசலில். முன்கட்டில் ஒரு மேசை, ஒரு வைஸ், வகை பிரித்து வைத்த உதிரிகள் நிறைந்த தகர டப்பாக்கள். பட்டறை அவ்வளவுதான். பெரியவரும் அவருடைய தங்கை மகனும் வேலை செய்கிறார்கள்.

நான் போயிருந்தபோது வந்த வண்டி ‘மிஸ்’ அடித்தது, மேட்டில் இழுக்கவில்லை. பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது என்றார் உரிமையாளர். பெரியவர் கேப்பைக் கழற்றினார். ரோட்டாரை எடுத்துவிட்டு ஷாஃப்ட் முனையை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தது.

“புஷ் தேஞ்சுபோச்சு சார். ஆட்டம் இருந்தா எந்த அளவும் நிக்காது.”

ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்தான் புஷ். ஷாஃப்ட்டின் மேலே நான்கு மூலை கொண்ட கேம் இருக்கிறது. அது சுற்றும்போது ஒவ்வொரு மூலையும் பாயிண்டைத் திறக்கிறது. திறந்த கணத்தில் காயிலுக்குள் ஓடும் மின்சாரம் அறுபட்டு, பல ஆயிரம் வோல்ட் கிளம்பி, ரோட்டார் வழியாக 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் போகிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பட்டறைக் கணக்கில் ஏறக்குறைய 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. பெரியவர் அந்த அளவு ஃபீலர் தகட்டை நான்கு மூலையிலும் விட்டுக் காட்டினார். ஒரு மூலையில் தொளதொளவென்று போனது. இன்னொன்றில் நுழையவே மறுத்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வெவ்வேறு நேரத்தில் போனால் எஞ்சின் எப்படி இழுக்கும்? புதுப் பாயிண்ட் போட்ட செலவெல்லாம் வீண்தான்.

புஷ்ஷோடு ஷாஃப்ட்டும் தேய்ந்திருந்ததால், மாற்று ஷாஃப்ட்டுக்காகப் பழைய வண்டி உதிரிகள் விற்கும் புதுப்பேட்டைக்குக் கிளம்பினார்கள்; நானும் ஒட்டிக்கொண்டேன். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர்கள் ஒரு கடையில் குவிந்து கிடந்தன. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆலை இதே ஊரில், பாடியில்தான் இருக்கிறது. கடைக்காரர் பளபளவென்று துடைத்து வைத்திருந்த ஒன்றை நீட்டினார். பெரியவர் அதை அசைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கூடு விரிசல் விட்ட ஒன்றைத் தேடி எடுத்தார். அதன் ஷாஃப்ட் நேராக இருந்தது. கேமைத் திருகிவிட்டால் ஸ்பிரிங் தானே இழுத்துக்கொண்டது. கேமில் பொறித்திருந்த டிகிரி எண் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணெய்க் கறையைத் தேய்த்துப் பார்த்தார். வேகம் கூடக்கூட பொறி எவ்வளவு முந்த வேண்டும் என்பதன் எல்லை அந்த எண். கைக்குக் கிடைத்த ஷாஃப்ட்டைப் போட்டால் வண்டி ஓடும். ஆனால் எஞ்சின் ‘நாக்’ அடிக்கும், அல்லது வேகம் எடுக்காது. வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடித்தார். பாயிண்ட் தகடு நகர்ந்து அப்படியே நின்றது. டயாஃப்ரம் கிழியவில்லை. விலை பேசியது அதற்குப் பிறகுதான்.

புதிய வெண்கல புஷ்ஷை இரவு முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டார்கள். நுண்துளைகளில் எண்ணெய் ஏறினால்தான் அது தேயாமல் உழைக்கும். அவசரத்துக்கு அப்படியே அடித்து இறக்குகிறவர்கள் உண்டு. அதை ரிப்பேர் என்றே நான் சொல்லமாட்டேன்.

மறுநாள் பூட்டும் வேலை. வேகம் கூடும்போது பொறியை முந்தவைக்கும் எடைக்கற்களை இழுக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று மெலிது, மற்றது தடிமன். தடிமனானது கொஞ்சம் தளர்வாகத் தொங்கும். பையன் அதைக் கெட்டுப்போனது என்று நினைத்து வேறு எடுக்கப் போனான்.

“அது அப்படித்தான்டா இருக்கணும். மெலிசு முதல்ல வேலை செய்யும், இது வேகத்துல சேர்ந்துக்கும்.”

“சரி மாமா.”

எர்த் ஒயரில்தான் அதிக நேரம் போனது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பாயிண்ட் தகடு நகரும், ஒயரும் கூடவே வளையும். சாதாரண பிளாஸ்டிக் ஒயர் போட்டால் உள்ளே அறுந்துவிடும், வெளியே தெரியாது. கூடு விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நூல் சுற்றிய மென்மையான ஒயரைக் கழற்றி, முனைகளைச் சுரண்டிப் பற்றவைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு உரசும் தூரத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

டைமிங் வைக்க ஒரு பல்பு போதும். எஞ்சினைக் கையால் சுற்றிக் குறியில் நிறுத்தி, இக்னிஷனைப் போட்டு, பல்பு எரியும் இடம்வரை கூட்டைத் திருப்பி இறுக்கினார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. ஐடிலிங்கில் நடுக்கம் இல்லை.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டிக்கொள்ளலாமே என்று உரிமையாளர் கேட்டார். மாட்டலாம்தான், ஷாஃப்ட் ஆடினால் அங்கேயும் டைமிங் ஆடும். முதலில் புஷ், பிறகு கிட் என்று பெரியவர் சொன்னதுதான் சரி.

பழைய வண்டியை எடைக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் முழுதாகக் கழற்றி இப்படிப்பட்ட ஒரு மெக்கானிக்கிடம் கொடுங்கள். கூடு உடைந்திருந்தாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டும் ஒயரும் இன்னொரு வண்டியை ஓட வைக்கும்.